ஊராட்சி வரை வந்த ஃபைபர் வீடு வரை ஏன் வரவில்லை? பாரத்நெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமத்துக்கு ஃபைபர் வருகிறது என்ற பேச்சு எழும் ஊர்களிலெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். விவரம் தமிழ்நாட்டைச் சார்ந்தது. கேபிள், மோடம், ஜாயின்ட் பற்றியவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

பாரத்நெட்னா என்ன? பிஎஸ்என்எல் கனெக்‌ஷனும் இதுவும் ஒண்ணா?

இரண்டும் ஒன்றல்ல. பாரத்நெட் என்பது நாட்டின் எல்லா ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் (ஃபைபர்) இணைக்கும் மத்திய அரசுத் திட்டம். 2011 அக்டோபரில் வேறொரு பெயரில் ஒப்புதல் பெற்றது. ஏறக்குறைய 2.5 லட்சம் ஊராட்சிகள் இலக்கு. இதற்கென்றே 2012 பிப்ரவரியில் பிபிஎன்எல் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ராஜஸ்தானின் அராயின், ஆந்திராவின் பரவாடா, திரிபுராவின் பானிசாகர் ஆகிய மூன்று ஒன்றியங்களில் வெள்ளோட்டம் நடந்தது. முதல் கட்டமான முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் 2017 டிசம்பரில்தான் முடிந்தன. முதலில் சொன்ன கெடுவைவிட இது பல ஆண்டுகள் தாமதம்.

ஆற்றிலிருந்து ஊர் எல்லை வரை வாய்க்கால் வெட்டுவதுதான் பாரத்நெட்டின் வேலை. வயலுக்கு மடை திறந்துவிடுவது வேறு ஆள். அந்த ஆள் பிஎஸ்என்எல்லாக இருக்கலாம், தனியார் நிறுவனமாக இருக்கலாம், உள்ளூர் கேபிள் ஆபரேட்டராகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டுல டான்ஃபிநெட்னு சொல்றாங்களே, அது வேற திட்டமா?

திட்டம் அதேதான், செய்பவர் வேறு. இரண்டாம் கட்டத்தில் எட்டு மாநிலங்கள் வேலையைத் தாங்களே செய்வதாக எடுத்துக்கொண்டன. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. அதற்காக 2018-இல் மாநில அரசு தொடங்கிய நிறுவனம்தான் டான்ஃபிநெட். அதன் பொறுப்பில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், 12,525 ஊராட்சிகள். மாநிலத்தை நான்கு தொகுப்புகளாகப் பிரித்து ஒப்பந்தம் விட்டார்கள். ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிப் புகார் எழுந்து 2020-இல் டெண்டர் ரத்தாகி, மறுபடி கோரப்பட்டது. வேலை தள்ளிப்போனதற்கு அது பெரிய காரணம்.

இதுக்குப் பணம் யாரு தர்றா? நம்ம ஊராட்சி நிதியில இருந்து எடுக்கிறாங்களா?

இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய வருவாயில் (விதிப்படியான கழிவுகள் போக மிஞ்சும் வருவாய்) 5 சதவீதத்தை அரசுக்குக் கட்ட வேண்டும். அது சேரும் நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நீங்கள் செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் இதற்கான ஒரு பங்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இதை யாரோ செய்யும் உதவியாகக் கருதிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு மட்டும் ஒதுக்கீடு 1,39,579 கோடி ரூபாய். இதில் பத்தாண்டுப் பராமரிப்பும் அடங்கும். முந்தைய கட்டங்களில் கேபிள் போடுவதற்குக் கிடைத்த கவனம் பராமரிப்புக்குக் கிடைக்கவில்லை.

கேபிள் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்கு ஏன் இன்னும் நெட் வரலை?

மேலே சொன்ன மடைதான் காரணம். ஊராட்சிக் கட்டடத்தில் பெட்டி வைத்து, விளக்கு எரிந்து, மாநிலக் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் உங்கள் ஊர் பச்சையாகத் தெரிந்தால் திட்டக் கணக்கில் அது முடிந்த வேலை. அங்கிருந்து தெருத்தெருவாக மெல்லிய கேபிள் இழுத்து, வீட்டுக்கு மோடம் வைத்து, பில் போட்டு, பழுது பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஆள் கிடைக்காத ஊர்களில் பெட்டி பூட்டிய அறைக்குள் சும்மா சூடாகிக்கொண்டிருக்கிறது.

இது திட்டத்தின் உண்மையான பலவீனம். கேபிள் நீளத்தையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் மட்டுமே அளந்தார்கள். எத்தனை வீட்டில் இணைப்பு ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. திருத்திய திட்டத்தில்தான் ஐந்தாண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் என்ற இலக்கைச் சேர்த்தார்கள். உங்கள் ஊரில் யாரிடம் கேட்பது என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

ஊராட்சி ஆபீஸ்ல வெச்சிருக்கிற பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

சுவரில் மாட்டிய இரும்பு ரேக். உள்ளே கேபிள் வந்து முடியும் சிறு தட்டு, அதிலிருந்து ரூட்டருக்குப் போகும் மஞ்சள் நிற இணைப்பு இழை (பேட்ச் கார்டு), ரூட்டர், யுபிஎஸ், அதற்கான பேட்டரி. ரூட்டர் ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் கொடுக்கும்படி அமைக்கப்படுகிறது.

அந்த மஞ்சள் கார்டை மடக்கி ரேக் கதவுக்குள் நசுக்கிச் சாத்துவது நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக நடக்கிறது. கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், நடுவில் ஒளி போகும் பகுதி 9 மைக்ரான் அளவுதான். விரல் தடிமனுக்கு வளைத்தாலே ஒளி வெளியே கசிந்துவிடும். 3 செ.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. பெருக்கித் துடைப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கரன்ட் போனா நெட்டும் போயிடுமா?

கேபிளுக்கு மின்சாரம் தேவையில்லை, இரண்டு முனையிலும் உள்ள கருவிகளுக்குத் தேவை. யுபிஎஸ் உள்ளவரை ஊராட்சிப் பெட்டி ஓடும். ஆனால் ஈய-அமில பேட்டரி மூன்று, நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். காற்றோட்டமில்லாத அறையில் அதைவிடச் சீக்கிரம். அதன் பிறகு கரன்ட் போன அடுத்த நிமிடமே ரூட்டரும் அணையும்.

இன்னொரு காரணம் மனிதர்கள். மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் என்றுதான் செய்கிறார்கள். ரேக்குக்குத் தனி லைன், தனி சுவிட்ச், அதன் மேல் ‘அணைக்காதீர்கள்’ என்ற தாள். செலவு சில நூறு ரூபாய், பலன் இரவெல்லாம் இணையம். வீட்டு மோடத்துக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று போதும்.

மின்கம்பத்துல கட்டின கறுப்பு கேபிள்ல ஷாக் அடிக்குமா? உள்ள செம்பு இருக்குன்னு சிலர் வெட்டுறாங்க.

அதில் செம்பு இல்லை. மின்கம்பத்தில் கட்டும் வகையின் உள்ளே கண்ணாடி இழை, பிளாஸ்டிக், வலுவுக்கான நார், அவ்வளவே. எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும், பழைய இரும்புக் கடையில் ஒரு பைசா தேறாது. இதை டீக்கடையிலும் கிராம சபையிலும் ஒருமுறை உரக்கச் சொன்னாலே வெட்டுவது குறையும். வெட்டினால் வழக்கு வரும்.

கேபிளில் மின்சாரம் ஓடாது. ஆனால் அது மின்கம்பியின் பக்கத்தில் இருப்பதால், தொங்கினாலோ அறுந்து கிடந்தாலோ தொடாதீர்கள். மேலே உள்ள மின்கம்பியோடு உரசிக்கொண்டிருக்கலாம், மழையில் நனைந்திருக்கலாம். முதல் அழைப்பு மின்வாரியத்துக்கு, அதன் பிறகு மற்றவர்களுக்கு. அறுந்த இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. ஒளி அகச்சிவப்பு என்பதால் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. உடைந்த துணுக்கு தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

ஜேசிபி வந்தாலே கேபிள் அறுந்துடுது. ஏன் ஆழமா புதைக்கலை? கம்பத்துல போட்டா மட்டும் அறுகாதா?

தரைக்கடியில் போடும் இடங்களில் விதி 1.65 மீட்டர் ஆழம். 40 மி.மீ. பிளாஸ்டிக் குழாய் பதித்து அதற்குள் கேபிளை ஊதி அனுப்புவார்கள். பாறை வந்தால் ஆழத்தைக் குறைத்து இரும்புக் குழாயோ கான்கிரீட்டோ போட்டு மூட வேண்டும். நடப்பில் இரண்டு தவறுகள். ஒன்று, பாறை இல்லாத இடத்திலும் ஆழத்தைக் குறைத்துவிடுவது. மற்றொன்று, புதைத்தபோது சரியான ஆழத்தில் இருந்த கேபிள், சாலையை அகலப்படுத்தி ஓரத்தைச் சீவியபின் மேலே வந்துவிடுவது. குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையும் அதே சாலையோரத்தில்தான் நடக்கிறது. ஒரு துறை தோண்டுவது மற்றொரு துறைக்குத் தெரிவதில்லை.

இதற்காக 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலி வந்தது. தோண்டுபவர் இடத்தைக் குறித்தால் அங்கே குழாய், கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். ஊராட்சியே ஒப்பந்தம் விடும் வேலைகளில் ‘இதில் பதிந்த பிறகே தோண்ட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

தமிழ்நாட்டில் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. வேகமாகப் போடலாம், பழுதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வைக்கோல் லாரி, கரும்பு லாரி, புயல், தென்னை மட்டை, கம்பம் மாற்றும் வேலை எல்லாமே எதிரிகள். சாலையைக் கடக்கும் இடத்தில் கேபிள் தொய்ந்திருந்தால் அறுப்பு சீசனுக்கு முன்பே சொல்லி இழுத்துக் கட்டச் செய்யுங்கள். அறுந்தபின் ஒட்டுவதைவிட அது பத்து மடங்கு எளிது.

ஒரு இடத்துல அறுந்தா ஏன் பத்து ஊரு சேர்ந்து போகுது?

முதல் கட்ட வடிவமைப்பு மரம் போன்றது. ஒன்றியத்திலிருந்து ஒரு கிளை, அதில் வரிசையாக ஊர்கள். அடிக்கிளை முறிந்தால் நுனி வரை போய்விடும். திருத்திய திட்டத்தில் வளைய வடிவம். ஒன்றியத்தில் தொடங்கி ஊராட்சிகளைச் சுற்றி ஒன்றியத்துக்கே திரும்பும். ஒருபுறம் அறுந்தால் ரூட்டர்கள் மறுபுறமாகத் தரவை அனுப்பும்.

இதில் ஒரு எச்சரிக்கை. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒரே சாலையின் ஒரே கம்பங்களில் இருந்தால் அது காகிதத்தில் மட்டுமே வளையம். ஒரு லாரி இரண்டையும் சேர்த்தே இழுத்துப் போய்விடும். பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அறுந்த கேபிளை நாங்களே ஒட்டிக்க முடியாதா? டேப் சுத்தினா ஆகாதா?

டேப்பால் ஆகாது. இரண்டு கண்ணாடி முனைகள் மைக்ரான் கணக்கில் நேருக்கு நேர் பொருந்தி உருக வேண்டும். முதலில், இழைக்குள் ஒளியை அனுப்பி உடைப்பு எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் ஓடிடிஆர் கருவியால் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அது காட்டுவது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. கம்பங்களில் சுருட்டி வைத்த உபரிக் கேபிளும் அதில் சேரும். 3.4 கி.மீ. என்று காட்டினால் உடைந்த இடம் சாலையில் 3.1 கி.மீ.யிலேயே இருக்கலாம். உபரிச் சுருள் எங்கெங்கே என்று குறித்து வைக்காத குழு அரைநாளைத் தேடலிலேயே தொலைக்கும்.

பிறகு ஸ்ப்ளைசிங், அதாவது முனைகளை உருக்கி ஒட்டுவது. பாதுகாப்பு ஸ்லீவை ஒரு முனையில் முதலிலேயே மாட்ட வேண்டும். மறந்தால் ஒட்டியதை வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். உள்ளே உள்ள பிசினைத் துடைத்து, மேல்பூச்சை உரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, கிளீவரால் செங்குத்தாக வெட்டி, இயந்திரத்தில் வைத்து மின்பொறியால் உருக்குவார்கள். நன்றாக ஒட்டினால் ஒளி இழப்பு 0.1 டெசிபலுக்குள் இருக்கும். தூசிக் காற்றில், சாலையோரத்தில் குந்தியபடி செய்தால் 0.3, 0.5 என்று ஏறும். கடைசியில் ஜாயின்ட் பெட்டியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து, அதே இடம் மறுபடி பழுதாகும்.

நீங்கள் செய்யக்கூடியது: அறுந்த இடத்தின் படம், கம்ப எண், நேரம் ஆகியவற்றை அனுப்புவது. இதுவே பழுது நேரத்தை மணிக்கணக்கில் குறைக்கும்.

வீட்டு மோடத்துல சிவப்பு விளக்கு எரியுது. ரீஸ்டார்ட் பண்ணினாலும் போகலை.

‘லாஸ்’ (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் மோடத்துக்கு ஒளி வரவில்லை என்று பொருள். ரீஸ்டார்ட் உதவாது. ரீசெட் பொத்தானைக் குத்தவே குத்தாதீர்கள், அமைப்புகள் அழிந்து வேலை இரண்டாகும். கனெக்டர் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா, கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். முனையைக் கையால் தொட வேண்டாம், விரல் எண்ணெயே ஒளியை மறைக்கும்.

பச்சை, நீலம் என இரு வகைக் கனெக்டர்கள் உண்டு. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் நேரானது. இரண்டும் ஒன்றுக்கொன்று நுழையும், ஆனால் முகங்கள் பொருந்தாது. அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டுப் போன இடங்களில் இணைப்பு வந்து வந்து போகும். ‘லாஸ்’ எரியாமல் ‘பான்’ (PON) விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோடம் மறுமுனையில் பதிவாகாமல் இருக்கலாம்.

எத்தனை டெசிபல் வந்தா நல்ல லைன்? டெக்னீஷியன் மைனஸ் 28-ன்னு சொல்லிட்டு ‘ஓகே’ன்னு போயிட்டார்.

அது சரியில்லை. வழக்கமான ஜிபான் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் முறை) மோடத்தின் ஏற்பு எல்லை மைனஸ் 27 டிபிஎம். டிபிஎம் என்பது வந்துசேரும் ஒளியின் வலு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலவீனம். மைனஸ் 15 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 28-இல் இன்று ஓடலாம், வெயிலிலோ மழையிலோ விழுந்துவிடும்.

கணக்கை நீங்களே போடலாம். 12 கி.மீ. கேபிளுக்கு கி.மீ.க்கு 0.35 வீதம் 4.2 டெசிபல் இழப்பு. ஒளியை முப்பத்திரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு 17. நான்கு கனெக்டருக்குத் தலா 0.5 வீதம் 2. ஆறு ஜாயின்டுக்கு 0.6. மொத்தம் 23.8 டெசிபல். மறுமுனையில் கருவி பிளஸ் 3-இல் அனுப்பினால் வீட்டுக்கு வருவது மைனஸ் 20.8. இதற்கு மேல் 7 டெசிபல் போகிறதென்றால் எங்கோ இழை மடிந்திருக்கிறது, கனெக்டர் அழுக்காக இருக்கிறது, அல்லது ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது. அதைத் தேடச் சொல்லுங்கள்.

1 ஜிபிபிஎஸ்னு சொன்னாங்க, எனக்கு 30 தான் வருது. மீதி எங்க?

1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ், ஊராட்சிக்கு. உங்களுக்கு வருவது நீங்கள் எடுத்த பிளான். 200 வீடுகள் ஒரே நொடியில் இழுத்தால் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ்தான். அப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்பதால் சமாளிக்கிறது. இரவு ஏழிலிருந்து பத்து வரை வேகம் குறைவது இந்தப் பங்கீட்டால்.

பிளான் 100 எம்பிபிஎஸ் என்றால் கோப்பு இறங்குவது நொடிக்கு 12.5 மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். சோதனையை வைஃபையில் செய்யாமல் லேன் வயரில் செய்யுங்கள். மோடத்தைப் பீரோவுக்குள் வைத்துவிட்டு லைன் மீது குறை சொல்வது நியாயமில்லை. சட்டப்படி ‘பிராட்பேண்ட்’ என்று சொல்ல 2023 முதல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகம் வேண்டும், அதற்கு முன் 512 கேபிபிஎஸ்தான்.

செல்போன்ல 5ஜி வந்துடுச்சே, இனி ஃபைபர் எதுக்கு?

அந்த 5ஜி டவர் முழு வேகத்தில் ஓடவே ஃபைபர் வேண்டும். டவருக்குப் பின்னால் கேபிள் இல்லாத ஊர்களில்தான் சிக்னல் முழுசாகக் காட்டியும் நெட் நகராது. ஊராட்சிக்கு வந்த கேபிளில் பயன்படாத இழைகளை டவர் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட இத்திட்டத்தில் இடமிருக்கிறது. பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை போன்றவற்றுக்கு மாதக் கடைசியில் தீராத இணைப்பு தேவை. அதை மொபைல் டேட்டா தராது.

நான் கேபிள் டிவி நடத்துறேன். இதுல இருந்து வீடுகளுக்கு நெட் கொடுத்துத் தொழில் பண்ணலாமா?

பண்ணலாம், பண்ண வேண்டும் என்றே சொல்வோம். ஊரில் ஏணியும் ஆளும் வைத்திருப்பவர் நீங்கள்தான். வழி இரண்டு. உரிமம் பெற்ற இணைய நிறுவனத்தின் அல்லது பிஎஸ்என்எல்லின் உள்ளூர்ப் பங்குதாரராக வருமானப் பங்கில் சேரலாம். அல்லது கடைவீதியில் பிஎம்-வாணி திட்டத்தில் பொது வைஃபை வைக்கலாம். அதற்குக் கடைக்காரருக்கு உரிமம் தேவையில்லை. வீட்டு பிளான் ஒன்றை எடுத்துப் பத்து வீட்டுக்குப் பிரித்து விற்பது மட்டும் வேண்டாம், விதிமீறல்.

ஸ்ப்ளிட்டரை ஒரே இடத்தில் முப்பத்திரண்டாகப் பிரிக்காமல், தெருமுனையில் நான்கு, அடுத்த கம்பத்தில் எட்டு என்று பிரித்தால் கேபிள் மிச்சமாகும், பழுதையும் தெரு அளவில் கண்டுபிடிக்கலாம். இழப்பு ஏறக்குறைய 17.7 டெசிபல், மேலே போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு முனைகளைக் காலியாக விடுங்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய வரி ஒன்றே: ஊராட்சிக்கு வரும் லைன் போனால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள், அதுவரை உங்கள் சந்தாதாரருக்கு யார் பொறுப்பு? அது எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்குல எங்க ஊரு ‘ரெடி’ன்னு இருக்கு. ஆனா பெட்டி வேலை செய்யலை. யார்கிட்ட சொல்றது?

வீட்டு இணைப்புக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

ஊராட்சிப் பெட்டியே செத்திருந்தால் முதலில் ஊராட்சி செயலரோடு போய்ப் பாருங்கள். மின்சாரம் வருகிறதா, யுபிஎஸ் கத்துகிறதா, ரூட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துத் தேதியோடு படம் எடுங்கள். கரன்ட் பிரச்சினை என்றால் அது ஊராட்சியிலேயே தீரும். இல்லையென்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அடுத்து முதல்வரின் உதவி எண் 1100, அல்லது திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபைகளில் எது பக்கத்தில் வருகிறதோ அதில் தீர்மானமாகவும் போடச் சொல்லுங்கள்.

அப்போதும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி டான்ஃபிநெட்டின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் வேலை செய்யவில்லை’ என்று கேட்டால் நழுவலான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் ஊராட்சியின் ரூட்டர் கட்டுப்பாட்டு மையத்தில் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை மணி நேரம் இணைப்பில் இருந்தது? அதன் மாதவாரிப் பதிவின் நகல் தருக. பராமரிப்பு ஒப்பந்ததாரர் கடைசியாக வந்த தேதி எது, செய்த வேலை என்ன?